ரத்தம் வேண்டாம் என்றார்கள்

அண்ணனின் இரண்டாவது பெண் பிறந்தபோது அண்ணிக்கு ரத்தம் தேவைப்பட்டது. முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டியவன் அண்ணன்தான். பிறகு ரத்த வங்கியில் அவனைக் கூப்பிட்டு, அந்த ரத்தம் உதவாது, ஹெபடைடிஸ் பி என்கிற காமாலைக் கிருமி இருக்கிறது, கல்லீரல் டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு சீட்டைக் கொடுத்தார்கள்.

அவன் பார்க்கவில்லை. நெட்டுக்குப்பத்தில் எங்கள் வீட்டில் யாரும் அவனைப் போகச் சொல்லவும் இல்லை. காமாலை என்றால் கண் மஞ்சளாகும், சோறு இறங்காது என்றுதான் எங்களுக்குத் தெரியும். இவனோ ஐஸ் பெட்டியைத் தனியாளாய்ப் படகில் ஏற்றுகிறவன். அம்மா ஒரு வாரம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். அதோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது.

பதின்மூன்று வருஷம் கழித்து அவனுக்கு வயிறு உப்பத் தொடங்கியது. தொப்பை போட்டுவிட்டது என்று நானே கிண்டல் செய்தேன். கால் வீங்கியபோது அனல்மின் நிலையத்திலிருந்து வந்து கழிமுகத்தில் கலக்கும் சாம்பல் தண்ணீரைத் திட்டினோம். ஒரு நாள் காலை, வலை பிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே குனிந்து ரத்தமாய் வாந்தி எடுத்தான். மணலியில் வேலையில் இருந்த எனக்கு அண்ணி போன் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்தினார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, குடிப்பாரா என்று கேட்டார். தொட்டதே இல்லை என்றாள் அண்ணி. குடி வேண்டியதில்லை, இந்தக் கிருமியே போதும் என்றார் டாக்டர். இத்தனை வருஷமும் அது சத்தமில்லாமல் கல்லீரலைத் தழும்பாக்கிச் சுருக்கியிருக்கிறது. சுருங்கிய ஈரலில் இப்போது புற்றுநோய்க் கட்டி. அறுவை சிகிச்சை செய்கிற கட்டம் தாண்டிவிட்டது.

அப்போதே வந்திருந்தால் என்று கேட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, தேவைப்பட்டால் தினம் ஒரு மாத்திரை. பெரும்பாலும் இந்த அளவுக்கு வந்திருக்காது என்றார்.

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு நாளும் வலிச்சதில்லியே டாக்டர். வலிச்சிருந்தா ஓடியாந்திருப்பேனே."

வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். அண்ணிக்கும் பெண்கள் இருவருக்கும் இல்லை. அம்மாவுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது.

அன்று காலை நான் ஆறு இட்லி தின்றுவிட்டுப் போயிருந்தேன். டாக்டர் சொன்னது காதில் விழுந்தும், அது வேறு யாருக்கோ சொன்னதுபோல அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். என் ஈரலிலும் தழும்பு விழத் தொடங்கியிருந்தது. ஒரே தட்டில் சாப்பிட்டதால் வரவில்லை, பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கும் என்றார் டாக்டர். அம்மாவின் ஈரலோ அறுபத்தைந்து வயதிலும் கெடாமல் இருந்தது. எல்லாரையும் இது ஒரே மாதிரி தாக்காது, யாரைத் தாக்கும் என்று பரிசோதிக்காமல் சொல்ல முடியாது என்றார்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "நானா குட்த்தேன், ரெண்டு பேருக்கும்?"

உங்களுக்கே தெரியாதே அம்மா, உங்கள் தப்பு இல்லை என்று டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா கையை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நாலு மாதத்தில் அண்ணன் போய்விட்டான். நாற்பத்து மூன்று வயது. கடைசி வாரங்களில் அவனுக்கு நினைவு தடுமாறியது. சொந்த மகளைப் பார்த்து யார் வீட்டுப் பெண் என்று கேட்டான். ஐஸ் பெட்டி தூக்கிய தோள் எலும்பாய்த் துருத்திக்கொண்டு நின்றதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. நான் தினமும் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். ஸ்கேன் எடுக்கிற நாளில் மட்டும் யாரோடும் பேசுவதில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டு மருமகளுக்குப் பிரசவம். அம்மா தானாகவே கிளம்பிக் கூடப் போனாள். குழந்தை பிறந்ததும் நர்ஸ் அதன் தொடையில் இந்த நோய்க்கான தடுப்பூசியைப் போடும்வரை அங்கேயே நின்றாளாம். வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இத்தினியோண்டு ஊசி," என்றாள். "இவ்ளோதானா நைனா?"

அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.