மெலிசுக் கயிறு

சிதம்பரத்தில் வேதியியல் பட்டம் வாங்கிய ஆரோக்கிய ராணி, 2008இல் கடலூரில் ஒரு கயிறு கம்பெனிக்கு சூப்பர்வைசராகப் போனாள். பிளாஸ்டிக் குருணையை உருக்கி, இழையாக்கி, படகுக் கயிறு திரிக்கிற கம்பெனி. படித்த படிப்புக்கு இந்த வேலையா என்று உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தலைவலி வந்தது. தேவனாம்பட்டினத்து மீனவர் பழனிவேல், வாங்கிப்போன கயிற்றைக் கொண்டுவந்து வாசலில் வீசினார். படகைக் கரைக்கு இழுத்தால் கயிறுதான் நீள்கிறதாம், படகு நின்ற இடத்திலேயே நிற்கிறதாம். முதலாளி பொன்னுரங்கம் இடிந்துபோனார்.

"இன்னொரு தபா இப்புடி ஆச்சுன்னா மிஷினை வித்துடுவேம்மா. எல்லாரும் வேற வேலை பாத்துக்குங்க."

ராணி மிஷினைப் போய்ப் பார்த்தாள். இழையை இழுத்து நீட்டும் இரண்டாவது உருளை, முதல் உருளையைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். யாரோ அதை மெதுவாக்கியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, சாட்சாத் முதலாளியேதான்!

"ஜாஸ்தி இழுத்தா மெலிசாப் பூடுதே! தடியா இருந்தாத்தான நம்ம ஜனம் வாங்குது?"

ஊர்க் கண்ணுக்குத் தடிமன்தான் பலம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"சார், இழைக்குள்ள மூலக்கூறெல்லாம் நீள நீளமா சங்கிலியாட்டம் இருக்கு. இழுக்காம வுட்டா சிக்கு விழுந்த தலமுடி மாதிரி சுருண்டு கெடக்கும். கடக்கரையில அதுதான் நீளுது. இங்கியே நல்லா இழுத்துட்டா எல்லாம் நேரா, ஒரே பக்கமா படுத்துக்கும். அப்புறம் லேசுல நீளாது."

வேறு வழி தெரியாமல் பொன்னுரங்கம் தலையாட்டினார்.

புதுக் கயிற்றைப் பார்த்ததும் கடற்கரையில் ஒரே சிரிப்பு. "இத்த வச்சி கன்னுக்குட்டி கட்டலாம்மா," என்றார் பழனிவேல். ராணி விடவில்லை, படகில் கட்டச் சொன்னாள்.

ஆட்கள் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். கயிறு விறைத்தது. எல்லோரும் அது நீளப்போகிறது என்று பார்த்திருக்க, ஈர மணலில் படகு அசைந்தது. அசைந்த படகு விறுவிறுவென்று மேடேறியது. ராணி தன்னை மறந்து கைதட்டினாள்.

பழனிவேல் கயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தார். "எங்காளுங்க படகு அத்தினிக்கும் இதான். இதே மெலிசு. ஒரு நூல் தடிச்சாலும் திருப்பி அனுப்பிடுவேன், ஆமா!"

ராணி பெருமை பொங்க, கூடவே வந்திருந்த முதலாளி பக்கம் திரும்பினாள். அவரோ அதற்குள் செல்போனை எடுத்து, மிஷின் ஓட்டும் சடையப்பனிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது உருளையில எவனும் கை வைக்கக் கூடாது! நானே வந்து சொன்னாலும் கேக்காத! ராணியம்மா சொல்றதுதான்!"