ஒரு சாண் இடப்பக்கம்

கிழக்குச் சுவிசில் கடந்த பதினொரு வருடங்களில் கலியாணம் முடித்த தமிழ்ப் பெண்களில் பாதிப்பேரைத் தனக்குத் தெரியும் என்பார் வில் நகரத்து இராஜசிங்கம். முகம் தெரியாது. எடை தெரியும்.

காரணம் இதுதான். வார நாட்களில் அவர் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துபவர். சனி, ஞாயிறுகளில் மணவறை வாடகைக்குக் கொடுப்பவர். அவரிடம் இருக்கும் சுழலும் தாமரை கூர் நகரம் வரைக்கும் பேர்போனது. மணப்பெண் தாமரைக்குள் நிற்பாள், நாதசுரம் முழங்கும், தாமரை மூன்று தடவை மெல்ல வலமாகச் சுற்றும், சபை கைபேசியைத் தூக்கும். அந்த நேரம் இராஜசிங்கம் மேடைக்கு அடியில் பெனியனோடு மல்லாந்து கிடந்து, கைபிடியைச் சுற்றிக்கொண்டிருப்பார். இருபது சுற்றுக்குத் தாமரை ஒரு சுற்று. நகையும் கூறைச்சேலையுமாக மேலே நிற்கும் பிள்ளை இலேசா, பாரமா என்பது அவருடைய தோள்மூட்டுக்குத்தான் தெரியும்.

"இவர் ஒரு கலியாணமும் பாக்கேல்லை. பலகையின்ரை அடிப்பக்கத்தைத்தான் பாத்தவர்" என்று அவர் மனைவி ஞானேஸ்வரி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். மனுசன் கோபப்படுவதில்லை. உண்மைக்குக் கோபப்பட்டு என்ன செய்வது?

ஆனால் ஒரே மகள் தனுஷியாவுக்குக் கலியாணம் பேசி முடிந்த அன்று அவர் ஒரு முடிவெடுத்தார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். ஊரார் பிள்ளைகளைப் பதினொரு வருடம் சுற்றியாயிற்று; தன் பிள்ளை தானே சுற்றட்டும். தாமரைக்கு மோட்டர் பூட்டுவது, தான் வேட்டி சால்வையோடு மேடைக்கு மேலே நின்று மகளின் முகத்தைப் பார்ப்பது. வேறு ஆசை அவருக்கு இல்லை.

"அப்பா, நான் நடந்தே வாறன். எனக்குக் கால் இருக்கு" என்றாள் தனுஷியா.

"நீ சும்மா இரு பிள்ளை. அப்பா பாத்துக்கொள்ளுறன்."

இந்த 'அப்பா பாத்துக்கொள்ளுறன்' என்ற வசனத்தால் அந்த வீட்டில் முன்பு ஒரு சலவை இயந்திரமும் இரண்டு தொலைக்காட்சிகளும் செத்திருக்கின்றன.

தொழிற்சாலையில் கழித்துவிட்ட பெரிய காற்றாடி ஒன்றின் மோட்டர் கிடைத்தது. உள்ளே உரசித் தேயக் கரித்துண்டே இல்லாத புதுவகை. அதை ஓட்ட, டிரைவர் என்று ஒரு சின்னப் பச்சைப் பலகை. குடியிருப்பின் நிலவறையில் தாமரையைப் பூட்டி, பெண்ணுக்குப் பதிலாக இருபது கிலோ அரிசி மூட்டை நாலை அடுக்கி, பிள்ளையாரை நினைத்துச் சுவிச்சைப் போட்டார். தாமரை குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கியது. ஒரு முழம் போனது, விக்கியது, நின்றது, மறுபடி விக்கியது. மூட்டை ஒன்று சரிந்து விழுந்து, பொன்னி அரிசி நிலவறை முழுக்கச் சிந்தியது.

மின்சாரத்தைக் கூட்டிப் பார்த்தார். இரண்டாவது மூட்டை விழுந்தது. மெதுவாக வேகமெடுக்கும்படி மாற்றிப் பார்த்தார். விக்கலும் மெதுவாக வந்தது. வயரைச் சந்தேகித்தார், மின்வழங்கியைச் சந்தேகித்தார், கடைசியில் பலகையை விற்றவனின் பரம்பரையையே சந்தேகித்துவிட்டு, செய்யவேண்டிய வேலையைச் செய்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையேட்டை வாசித்தார்.

விசயம் அங்கே இருந்தது. மோட்டருக்குள் காந்தம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்தால்தான் டிரைவர் சரியான பக்கம் தள்ள முடியும். அதைச் சொல்ல விலையுயர்ந்த மோட்டர்களில் உணரி இருக்கும். இதில் இல்லை. காந்தம் சுற்றும்போது தானே திருப்பி அனுப்பும் மின்சாரத்தை வைத்துத்தான் இது இடத்தைக் கண்டுபிடிக்கும். வேகமாகச் சுற்றினால் தெளிவாகத் தெரியும். மெதுவாகச் சுற்றினால் முணுமுணுப்பு. நின்றால் ஒன்றுமே இல்லை. குருட்டு வாக்கில் ஒரு தள்ளுத் தள்ளும்.

இரவுச் சாப்பாட்டில் இதை மனைவிக்கு விளக்கினார்.

"இதிலை என்ன அதிசயம்?" என்றாள் ஞானேஸ்வரி. "நீங்களும் நித்திரையாலை எழும்பின உடனை கதவு எந்தப் பக்கமெண்டு தெரியாமல் அலுமாரியிலை முட்டுறனீங்கள். ரெண்டடி நடந்தாப் பிறகுதான் உங்களுக்கு வீடு பிடிபடுறது."

கையேடு ஆறு பக்கத்தில் சொன்னதை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். இராஜசிங்கத்துக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

சரி, மோட்டர் வேகமாக ஓடட்டும், தாமரை மெதுவாகப் போகட்டும் என்று பல்சில்லும் சங்கிலியும் போட்டார். மோட்டர் எண்பது சுற்றுச் சுற்றினால் தாமரை ஒன்று சுற்றும். விக்கல் போய்விட்டது. தாமரை அன்னம் மாதிரி மிதந்தது. மனுசன் ஆனந்தத்தில் சம்பந்தியம்மாவையே அழைத்துக் காட்டினார். அதுதான் அவர் செய்த மடத்தனம்.

மாப்பிள்ளையின் தாய் யோகாம்பாள் கூரிலிருந்து ரயிலேறி வந்தார். வலதுகாலை வைத்தே நிலவறைக்குள் இறங்கினார். இராஜசிங்கம் சுவிச்சைப் போட்டார். நிறுத்தி நிறுத்தி நாலு தடவை போட்டும் தாமரை அழகாக வலம் வந்தது. ஐந்தாம் தடவை போட்டபோது மோட்டரின் முதல் குருட்டுத் தள்ளு பிழைத்தது. தாமரை ஒரு சாண் இடப்பக்கம் போய், பிறகு யோசித்து, வலப்பக்கம் திரும்பியது.

யோகாம்பாள் கையை நெஞ்சில் வைத்தார். "ஐயோ அண்ணை, இடம் போகுது!"

"ஒரு சாண் தானே தங்கச்சி. பிறகு சரியா வருது."

"ஒரு சாணெண்டாலும் இடம் இடந்தான். பொம்பிளை சபைக்கு வாற முதல் அசைவே அபசகுனமோ? உதிலை என்ரை மருமகளை ஏத்த நான் விடமாட்டன்." பிறகு, மனம் நோகக்கூடாது என்று நினைத்தவராக, "நீங்கள் வழமைபோலை கீழை கிடந்து சுத்துங்கோவன். உங்கடை கை பிழைச்சதில்லை எண்டு கூர் முழுக்கக் கதை" என்றார்.

புகழ்ச்சிதான். ஆனால் இராஜசிங்கத்தின் முகம் செத்துப்போயிற்று. கலியாணத்துக்கு இன்னும் இரண்டு கிழமை. இடம் போகாமல் செய்யவேண்டும், இல்லையென்றால் பெற்ற மகளின் கலியாணத்திலும் பெனியனோடு பலகையைப் பார்க்கவேண்டும்.

எட்டு நாள் தலைகீழாக நின்று பார்த்தார். ஐந்தில் ஒன்று இடம் போனது பத்தில் ஒன்றானது, அதற்குமேல் குறையவில்லை. பத்தில் ஒன்றை யோகாம்பாளிடம் சொல்ல முடியுமா? ஒன்பதாம் நாள் விடிய, வேலைக்குப் போக ஞானேஸ்வரி நிலவறைக்குச் சைக்கிள் எடுக்க வந்தாள். முதியோர் இல்லத்தில் அவளுக்குக் காலை வேலை. மிதியை வசதியான இடத்துக்குக் கொண்டுவரக் காலால் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினாள். டிக் டிக் என்று சத்தம் வந்தது. சில்லு அசையவில்லை.

இராஜசிங்கம் தரையில் இருந்தபடியே கத்தினார். "இஞ்சரும்! அதை இன்னொருக்காச் செய்யும்!"

"என்னத்தை?"

"பின்பக்கமாச் சுத்தும்!"

அவள் சுற்றினாள். மிதி பின்னால் போனது. சில்லு தன் பாட்டில் நின்றது. முன்னால் மிதித்தால் பிடிக்கும், பின்னால் மிதித்தால் விட்டுவிடும். மோட்டர் தன் குருட்டுத்தனத்தை உள்ளுக்குள் வைத்துக்கொள்ளட்டும். தாமரைக்கு அது தெரியவே வேண்டாம்!

"மெய்யே, உங்களுக்கு விசரே? என்ரை சைக்கிளை ஏன் தலைகீழாக் கவிழ்க்கிறியள்?"

"அப்பா பாத்துக்கொள்ளுறன்" என்றார், யாரோடு கதைக்கிறோம் என்பதையே மறந்து. ஞானேஸ்வரி அன்றைக்குப் பேருந்தில் போனாள். அடுத்த நாளும் பேருந்துதான்.

பின்சில்லின் பல்லுச்சக்கரத்தைக் கழற்றிச் சங்கிலிக்கு நடுவே பூட்டியபின் நூறு தடவை சுவிச்சைப் போட்டுப் பார்த்தார். சுவரில் சோக்கட்டியால் நூறு கோடு. ஒரு தடவைகூடத் தாமரை இடம் போகவில்லை. சோதனை என்றால் அப்படி ஒரு சோதனை! ஆனால் பாருங்கள், நூறு தடவையும் மேலே நின்றது அரிசி மூட்டை. அரிசி மூட்டைக்கு முகம் எது, முதுகு எது? ஓட்டம் தொடங்குவதையே பார்த்த மனுசன் அது எங்கே போய் நிற்கிறது என்று ஒரு தடவையும் பார்க்கவில்லை.

கலியாண நாள். கூடைப்பந்துக் கோடுகள் போட்ட விளையாட்டு மண்டபம் நானூறு பேரால் நிறைந்திருந்தது. சுவிச் வயர் நீளம் காணாததால் இராஜசிங்கம் தாமரைக்குப் பின்னால், திரையோரம் நின்றார். பரவாயில்லை, மேடைக்கு மேலேதான் நிற்கிறார். பட்டு வேட்டி, சால்வை, நெற்றி நிறைய விபூதி. முன்வரிசையில் யோகாம்பாள் தாமரையின் விளிம்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாதசுரம் எழுந்தது. சுவிச்சைப் போட்டார். மோட்டர் உள்ளுக்குள் 'ர்ர்' என்று பின்னால் போனது அவர் காதுக்கு மட்டும் கேட்டது. தாமரை அசையாமல் நின்று, பிறகு வலமாக, வலமாகவே நகர்ந்தது. யோகாம்பாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

பதினாறு செக்கனுக்கு ஒரு தடவை மகளின் முகம் அவர் பக்கம் வந்தது. முதல் தடவை பார்த்தார். இரண்டாம் தடவை கண்ணாடி பனித்தது. மூன்றாம் தடவை அதைத் துடைத்துக்கொண்டு நின்றதில் முகத்தைத் தவறவிட்டார். சீ, பாவி! மகள் சபையைப் பார்த்துத் திரும்பியதும் சுவிச்சை நிறுத்தினார்.

தாமரை நிற்கவில்லை. மோட்டர் நின்றால் சைக்கிள் நிற்குமா? மிதிப்பதை விட்டாலும் சில்லு உருளத்தானே செய்யும். அரைச் சுற்று உருண்டு, சபைக்கு முதுகைக் காட்டி, தகப்பனுக்கு நேரே கொண்டுவந்து பிள்ளையை நிறுத்தியது. தூக்கிய கைபேசிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

கைநீட்டும் தூரத்தில் தனுஷியா நின்றாள். நெற்றிச்சுட்டியும் மாலையுமாக. இந்தப் பிள்ளை எப்போது இவ்வளவு பெரிதானாள்?

"என்னப்பா, மோட்டரோ?" என்றாள் உதடு அசையாமல்.

"இல்லைப் பிள்ளை. அம்மான்ரை சைக்கிள்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். பிறகு மெல்லக் கேட்டாள். "வடிவாப் பாத்திட்டீங்களோ?"

"ஓம்."

"அப்ப போடுங்கோ. சனம் என்ரை கொண்டையைப் பாத்துக்கொண்டிருக்கு."

முன்வரிசையிலிருந்து யோகாம்பாளின் குரல் வந்தது. "அண்ணை, நாலிலை நிப்பாட்டாதேங்கோ, இரட்டை கூடாது! அஞ்சாக்குங்கோ!"

சுவிச்சைப் போட்டார். தாமரை சபைப் பக்கம் திரும்பி நாலாவது சுற்றை முடித்து, மறுபடி அவரிடம் வந்துகொண்டிருந்தது. கணக்கு இப்போது அவருக்குப் பிடிபட்டிருந்தது. மகள் சபைக்கு முகம் காட்டி நிற்கவேண்டுமென்றால், அவள் முகம் தன்னிடம் வரும்போதே கையை எடுத்துவிட வேண்டும்.

வந்தாள். இந்தத் தடவை அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. முழுதாகப் பார்த்தபடியே சுவிச்சை நிறுத்தினார். தாமரை அவரை விட்டுத் தன் பாட்டில் மெல்ல அரைச் சுற்றுப் போய், சபைக்கும், மேடையின் முன்னே காத்து நின்ற மாப்பிள்ளைக்கும் நேரே நின்றது. மண்டபம் கைதட்டியது.

பின்னாலிருந்து ஞானேஸ்வரி ஒரு கைலேஞ்சியை அவர் கையில் திணித்தாள். "அழுதது காணும். நாளைக்கு என்ரை சைக்கிளைப் பூட்டித் தாங்கோ" என்றாள். அவளுடைய குரலும் சரியாக இல்லை.