பதினோரு வருஷத்து ஸ்டூல்

சோப்புக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அவளை எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். முறைப்படி அப்படிக் கூப்பிட வேண்டியவள் அவளுடைய நாத்தனார் ஒருத்திதான். நாத்தனார் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது சூப்பர்வைசர் வரைக்கும் தொற்றிக்கொண்டது.

அண்ணி நிரந்தரம், நாத்தனார் காண்ட்ராக்ட். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே வேலை, ஒரே அட்டைப் பெட்டி. நிரந்தரக்காரர்களுக்கு உட்கார ஸ்டூல் உண்டு, காண்ட்ராக்டுக்குக் கிடையாது. பூ, ஒரு ஸ்டூல்தானே என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். பதினோரு வருஷம் காண்ட்ராக்டில் நின்றுகொண்டே பெட்டி மடித்த அண்ணியைக் கேட்டால் தெரியும். நிரந்தரமான அன்று, "இனிமே உக்காந்து வேலைங்க" என்றுதான் புருஷனிடம் சொன்னாள். சம்பளம் ஏறியதைச் சொல்லவே மறந்துபோனாள்.

அதற்கப்புறம் எட்டு வருஷம் ஓடிவிட்டது. சம்பளம் இருந்த இடத்திலேயே இருந்தது. மேனேஜர் மூன்று கார் மாற்றினார், முதலாளி இரண்டாவது பங்களா கட்டினார். அண்ணிக்கு வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பங்களா எங்கேயோ இருந்தது. நாத்தனாரின் வீங்கிய கால் தினமும் கண்ணெதிரே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், நாம் எவ்வளவோ தேவலை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வரும். பாவம், அதற்காக அவளே வெட்கப்பட்டதும் உண்டு.

இந்த வருஷம் ஒரு மனு தயாரானது. எல்லாருக்கும் சம்பள உயர்வு வேண்டும், எல்லாருக்கும் ஸ்டூல் வேண்டும். சாப்பாட்டு வேளையில் நாத்தனார் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"மொதல்ல நீங்க போடுங்க அண்ணி. நீங்க போட்டா மத்தவங்க தன்னால போடுவாங்க."

அது நிஜம்தான். சோற்றில் கை வைத்தபடி அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"நேத்து வந்தவளுக்கும் ஸ்டூலா? நான் பதினோரு வருஷம் நின்னேன்டி."

"நின்னவங்களுக்குத்தானே அண்ணி வலி தெரியும்."

"தெரியும். கேக்கப் போய் இருக்கிறதையும் புடுங்கிட்டா என்ன பண்றது? விடு, நம்ம பொழப்பப் பாப்போம்."

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பேக்கிங் பிரிவில் ஒரு ஸ்டூல்கூட இல்லை. உட்கார்ந்தால் வேகம் குறைகிறதாம், இனி எல்லாரும் நின்றுதான் மடிக்க வேண்டுமாம். சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

அண்ணிக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அது மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த மேனேஜரிடம் போகவில்லை. அவர் எட்டாத தூரத்தில் இருந்தார். நாத்தனார் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள்.

"எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும்னு கேட்டியே. இப்ப திருப்தியா?"

நாத்தனார் அடுத்த பெட்டியை எடுத்து மடித்தாள்.

மதியத்துக்குள் அண்ணிக்குக் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. வாய்விட்டு அழுதுவிடலாம் போலிருந்தது. காலையில் கத்தியதை நினைத்தால் நாத்தனார் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் காகிதம் இருக்கா?"

"அன்னிக்கே கிழிச்சுப் போட்டாச்சு அண்ணி. நீங்க போடலைன்னதும் ஒருத்தரும் போடல."

அதைச் சொல்லும்போது நாத்தனார் குரலில் கோபமே இல்லை. குனிந்து அண்ணியின் காலைப் பார்த்தாள்.

"ரெண்டு காலையும் ஒண்ணா ஊனாதீங்க. ஒரு காலுக்கு ஓய்வு குடுத்து இன்னொண்ணுல நில்லுங்க. போகப் போகப் பழகிடும்."

அண்ணி வலது காலைத் தளர்த்தி, இடது காலில் நின்றாள்.