லீவர் வைத்ததுதான் வேண்டும்

என் கணவர் தன் துப்பாக்கி லைசென்சில் என் பெயரையும் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறார் என்பதே மணியக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தி, "ஏனுங்க டீச்சரம்மா, நீங்களும் துப்பாக்கி தூக்கப் போறீங்களாமே? ஊட்டுல ஒண்ணும் தகராறு இல்லீங்களே?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அன்று பாடம் நடத்த ஓடவில்லை.

நான் அடிவாரத்துப் பெண். வாத்தியார் வேலைக்காக வாழவந்தி நாடு என்கிற இந்த மலையூருக்கு ஏறி வந்து, இங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டவள். அதோடு பிறந்த வீட்டில் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். இந்த மனிதரை விட்டால் எனக்கு ஆள் கிடையாது. அதனாலோ என்னவோ, அவர் விஷயத்தில் எனக்கு மோப்பம் கொஞ்சம் அதிகம்.

மோப்பம் பிடிக்க நிறையவே இருந்தது. மாமனார் காலத்திலிருந்து வீட்டில் மருந்து கெட்டித்து, வெடிக்கக் கேப்பு வைத்துச் சுடும் துப்பாக்கி ஒன்று உண்டு. குச்சிக்கிழங்குக் காட்டில் பன்றி இறங்கினால் அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள்கூட இவரைத்தான் கூப்பிடுவார்கள். பங்குனியில் ஒரு நாள் கண் சிவந்து வந்தார். மிளகுக்கொடி அடித்துவிட்டது என்றார். அடுத்த வாரமே அந்தத் துப்பாக்கியைச் சேலத்துக் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். பிறகு இரண்டு மாதத்தில் மூன்று முறை சேலம் போய்விட்டு வந்தார். கேட்டால் ஒரு தடவை லைசென்ஸ் ஆபீஸ், ஒரு தடவை சிநேகிதன் வீட்டு விசேஷம், ஒரு தடவை மிளகு விலை. மிளகு விற்று முடிந்து, கொடியில் இன்னும் பூக்கூட விடாதபோது அதற்கு என்ன விலை கேட்பது?

வீட்டிலும் ஆள் ஆளாக இல்லை. நிலைப்படியில் இடித்துக்கொண்டார். சொம்பில் தண்ணீர் ஊற்றினால் பாதி வெளியே போனது. நினைப்பு வேறெங்கோ இருக்கிறவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்று முடிவு கட்டினேன். அந்த வேறெங்கோ, சேலத்தில் ஒரு வீடு. அந்த வீட்டில் ஒருத்தி. அவளுக்கு நான் நிறம், உயரம், சேலை எல்லாம் கொடுத்துவிட்டேன். அடுப்பு ஊதும்போதுகூட அவளோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் துப்பாக்கி மனு. எதற்கு என் பெயர் என்று கேட்டேன்.

"நான் இல்லாதப்ப காட்டைப் பாத்துக்க ஒரு ஆளு வேண்டாமா புள்ள? சின்னத் துப்பாக்கியா ஒண்ணு வாங்கிரலாம். நீ பழகிக்க."

நான் இல்லாதப்ப. அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? எனக்குக் காவலுக்கு ஒரு துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு இறங்கிப்போகத் திட்டம் என்று புரிந்துகொண்டேன். லைசென்ஸ் காகிதம் கைக்கு வந்ததும், துப்பாக்கிக் கடைக்கு நானும் வாரேன் என்று பிடிவாதமாகச் சொன்னேன். அவர் தயங்கினார். அந்தத் தயக்கத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

விடியுமுன்னே மலைப்பாதையில் இறங்கி, அடிவாரத்தில் பஸ் பிடித்துச் சேலம் போனோம். வழியெல்லாம் அவரிடம் கேட்க வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடி போட்ட நிதானமான மனிதர். "யாருக்குங்க?" என்றார்.

"இவளுக்குத்தானுங்க. புதுசா சுடப் பழகறவ" என்றார் இவர்.

கடைக்காரர் பாயிண்ட் டூ டூ என்கிற சின்னத் துப்பாக்கி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் போல்ட் என்கிற கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். புதுசு, துடைத்து வைத்த பித்தளைக் குடம் மாதிரி பளபளத்தது. "பழகறவங்களுக்கு இதுதாங்க நல்லது. ஒவ்வொண்ணா நிதானமாச் சுடலாம்."

இவர் அதைத் தொடவே இல்லை. "லீவர் வச்சது இருக்குதுங்களா?"

"ஒண்ணு இருக்குதுங்க. ஏற்காட்டுத் தோட்டத்துத் துரை ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போனது. ஆனா பழசுங்க."

"அதுதான் வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. எனக்கு என்றால் பழசா?

கடைக்காரர் உள்ளேயிருந்து அதை எடுத்து வந்தார். விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு லீவர். கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டா வெளியே விழுந்து அடுத்தது ஏறிவிடும். கட்டையின் அடியை என் முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தார். எட்டியது. தோட்டா இல்லாமல் சும்மா தட்டக்கூடாது, ஊசி கெட்டுவிடும் என்று எச்சரித்தார்.

"இதுல பன்னி விழுமுங்களா?" என்று நான் கேட்டேன்.

"பன்னிக்கு இது பத்தாதுங்கம்மா. முயல், காட்டுக்கோழின்னா சரி."

"சத்தத்துக்குப் பயந்து ஓடிரும்" என்றார் இவர் அவசரமாக.

"சத்தமும் இதுல கம்மிதானுங்களே!" என்றார் கடைக்காரர்.

பன்றிக்கு உதவாத துப்பாக்கி, பயமுறுத்தவும் உதவாத துப்பாக்கி, அதிலும் பழசு. பின்னே எதற்கு என்று நான் வாய் திறப்பதற்குள் இவர் ஒரு கேள்வி கேட்டார்.

"கேப்பு வெடிச்சு மூஞ்சிக்கு வராதுங்களே?"

"இதுல தனியா கேப்பே கிடையாதுங்க. தோட்டா அடியில விளிம்புலயே மருந்து இருக்குது. ஊசி அங்க தட்டினா வெடிச்சிரும். எல்லாம் உள்ளயே அடங்கிரும்."

இவர் முகம் தெளிந்தது. துப்பாக்கியை வாங்கினார், தூக்கினார், இடது தோளில் வைத்தார்.

ஆறு வருஷமாக அவர் துப்பாக்கி பிடித்து நான் பார்க்கிறேன். எப்போதும் வலது தோள். வலது கண்ணால்தான் குறி பார்ப்பார். இப்போது இடது கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, இடது கண்ணால் தெருவைக் குறி பார்த்துக்கொண்டு, இடது கையால் லீவரைத் தள்ளி இழுத்தார். கை தடுமாறியது. ஆனால் முடிந்தது. மேஜைமேல் கிடந்த போல்ட் துப்பாக்கியைப் பார்த்தேன். போல்ட் வலது பக்கத்தில் இருந்தது. இடது தோளில் வைத்தால் கை சுற்றிப் போகவேண்டும்.

கடைக்காரர் தோட்டாப் பெட்டி எடுக்க உள்ளே போனார். நான் நகர்ந்து இவருக்கு வலது பக்கமாக வந்து, திறந்தே இருந்த வலது கண்ணுக்கு ஒரு சாண் தள்ளி என் கையை நீட்டி ஆட்டினேன். அவர் திரும்பவில்லை.

"எப்ப இருந்துங்க?" என்றேன்.

துப்பாக்கி மெல்ல இறங்கியது. "பங்குனியில. கேப்பு சிதறி அடிச்சிருச்சு. மூணு தடவை கண்ணாஸ்பத்திரிக்கு வந்தேன். இனிப் பார்வை வராதுன்னுட்டாங்க."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"மலைக்காரனைக் கட்டினதுக்கே உங்க ஊட்டுல அந்தப் பேச்சு. இப்ப ஒத்தைக் கண்ணன்னும் ஆச்சு. நீ கீழ போயிருவியோன்னு நெனச்சுட்டேன். இடது பக்கம் பழகிட்டா யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் நீ சுட்டீன்னா, ஏன் நீ சுட வரலைன்னு ஊர்ல எவனும் என்னைக் கேக்க மாட்டான். சின்னதுல ரெண்டு பேரும் பழகிட்டு, அப்பறம் பன்னிக்குப் பெருசு பாத்துக்கலாம்னு..."

என் புருஷனுக்கு ஒரு கண் போய்விட்டது என்று கேட்டு நின்ற அந்த நிமிஷத்தில் எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. சேலத்தில் வீடு இல்லை, ஒருத்தி இல்லை, ஒன்றுமே இல்லை. வெறும் கண்தானே! இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில் நான் சிரித்தேகூட இருப்பேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அவர் என் முகத்தைத் தன் நல்ல கண்ணால் உற்றுப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"நீ இவ்வளவு தைரியமா எடுத்துக்குவீன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன், கண்ணு" என்றார்.

நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாகிறவரைக்கும் அவர் அப்படியே நம்பிக்கொண்டிருந்தார்.