ஊர் கூடி விமானம் எழுப்புவோம்

எங்கள் ஊரில் விமானம் என்றால் அது கோயிலில் இருப்பது. கருவறைக்கு மேலே கலசத்தோடும் புறா எச்சத்தோடும் நிற்குமே, அதுதான். ஆகாயத்தில் போவதற்குப் பெயர் பிளைட்டு. இந்தச் சின்ன விஷயம் ஒரு பத்திரிகைக்காரருக்குத் தெரியாமல் போனதில் என் பெரியப்பாவும் சித்தப்பாவும் வெட்டிக்கொள்ளாத குறையாகச் சண்டை போட்டார்கள்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. வில்லியனூருக்கு மேற்கே, பஸ் நின்றும் நிற்காமலும் போகிற ஊர் எங்களுடையது. டவுனில் இருக்கும் விமான நிலையத்தைப் பெரிதாக்க அங்கே இடமில்லை, அதனால் எங்கள் பக்கம் இடம் பார்க்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. பேச்சு கிளம்பிய சூட்டோடு ஆட்கள் வந்து கல்லும் நட்டுவிட்டார்கள். ஒரு கல் சரியாகச் சித்தப்பாவின் கரும்புக் கொல்லை நடுவில் விழுந்தது. அவருக்கு இருந்தது அந்த ஒரு கொல்லைதான். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்த பெரியப்பாவின் நிலத்தை யாரும் தொடவில்லை. மூலக்குளத்தில் மனை போட்டு விற்றவர்கள் காரில் வந்து இறங்கி அவரை வாய் நிறைய ‘அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அண்ணன் தம்பி இருவரும் அதற்கு முன்பே முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பொதுவில் இருந்த போர்வெல் தண்ணீரை யார் முதலில் பாய்ச்சுவது என்று வந்த சண்டை. ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்துகொண்டு என் மூலமாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

“உங்க சித்தப்பன் மாடு என் வைக்கோல தின்னுகினு இருக்குதுன்னு போய்ச் சொல்லு” என்பார் பெரியப்பா.

“தின்னா இன்னாவாம்? அந்த மாட்டுப் பால்லதான் அவரு காபி குடிக்கிறாருன்னு சொல்லு” என்பார் சித்தப்பா.

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாமே கேட்கும். ஆனாலும் நான் நடந்து போய்ச் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. இரண்டு வீட்டிலும் எனக்கு முறுக்கு கிடைத்ததால் இந்தச் சண்டை தீரவே கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

சித்தப்பா போராட்டத்தில் இறங்கினார். பிளைட்டு சத்தத்தில் மாட்டுக்குச் சினை நிற்காது, பிள்ளைகளுக்குக் காது போய்விடும், கரும்பில் இனிப்பு ஏறாது என்று தெருத் தெருவாகச் சொன்னார். இனிப்பு விஷயம் அவரே சேர்த்துக்கொண்டது. அப்போதெல்லாம் எங்கள் தலைக்கு மேலே நாளுக்கு ஒரு பிளைட்டுதான் போகும். அது போகும்போது பள்ளிக்கூடமே வெளியே ஓடிவந்து டாட்டா காட்டும், நானும் காட்டுவேன். சாயங்காலமானால் சித்தப்பா பக்கத்தில் நின்று ‘வேண்டாம் வேண்டாம், விமானம் வேண்டாம்’ என்று காது கிழியக் கத்துவேன். எனக்கு இரண்டுமே பிடித்திருந்தது. சத்தத்தை எதிர்த்து நாங்கள் போட்ட சத்தத்தில் தெரு நாய்கள் ஏரிக்கரைப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டன.

பெரியப்பா மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. வெடித்து, அரசங்கன்று முளைத்துக் கிடந்த கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டும் திருப்பணியில் அவர் திடீரென்று இறங்கியிருந்தார். ஊர் முனையில் பெரிதாக ஒரு பேனரும் கட்டினார்: ‘ஊர் கூடி விமானம் எழுப்புவோம்.’

போராட்டத்தைப் படம் எடுக்க வந்த பத்திரிகைக்காரர் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பேனர்தான். அதன் கீழே பெரியப்பா, வருகிறவர்களை நன்கொடைக்காகக் கும்பிட்டபடி நின்றிருந்தார். மறுநாள் டீக்கடைப் பேப்பரில் அந்தக் கும்பிடு அப்படியே வந்தது. மேலே ‘விமானத்துக்குக் கிராம மக்கள் வரவேற்பு’ என்று போட்டிருந்தார்கள்.

அன்று சித்தப்பா என்னைத் தூது அனுப்பவில்லை. தானே வந்துவிட்டார்.

“என் கொல்லைய குடுத்துட்டு உன் நெலத்துல மனை போடப் போறியா?”

“அது கோயில் விமானம்டா” என்றார் பெரியப்பா.

“இத்தினி வருசமா வெடிச்சிகினு கெடந்துது. கல்லு நட்டப்புறந்தான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?”

சித்தப்பா பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, “அந்தக் கொல்ல போச்சுன்னா நான் எவன் வூட்டு வாசல்ல போயி நிப்பேன்?” என்று அழுதுவிட்டார். பெரியவர்கள் அழுவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எனக்கும் அழுகை வந்தது. முறுக்கு போனால் போகட்டும், இவர்கள் சண்டை தீரட்டும் என்று அன்று ராத்திரி வேண்டுதலை மாற்றிக்கொண்டேன்.

சித்தப்பா எல்லாப் போராட்டத் தட்டிகளிலும் ‘விமானம்’ என்பதை அழித்துவிட்டு ‘பிளைட்டு’ என்று எழுதினார். பெரியப்பா தன் பேனரைக் கழற்றவில்லை. அதோடு விட்டாரா? ஒரு நிலையாக இருந்த விமானத்தை மூன்று நிலையாக எழுப்பச் சொல்லிவிட்டார். கோயிலோ சின்னது. உடம்பைவிடத் தலை பெரிதாகிறதே என்று ஊரே முணுமுணுத்தது. நான் நேரிலேயே கேட்டுவிட்டேன்.

“ஒசரமா இருந்தாதான உங்க சித்தப்பன் கொல்லையிலேர்ந்து பாத்தா தெரியும்” என்றார்.

யாரும் சொல்லச் சொல்லாமலே அதைச் சித்தப்பாவிடம் கொண்டு போனேன். “அவுரு விமானத்த நான் இன்னாத்துக்குப் பாக்கணும்?” என்று எரிந்து விழுந்தார்.

சாரம் கட்டி இரண்டாம் நிலை ஏறிக்கொண்டிருந்தபோது சர்வே ஆட்கள் மறுபடி வந்தார்கள். சித்தப்பா கொல்லையில் முக்காலி மேல் கருவியை நிறுத்தி, அதன் கண்ணாடி வழியாகக் கோயிலையே வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு அவர்களில் பெரியவர் கோயிலுக்கு வந்து, இன்னும் எவ்வளவு உயரம் போகும் என்று கேட்டார்.

“சாமி இன்னும் சொல்லல சார்” என்றார் பெரியப்பா.

“இவ்ளோ ஒசரம் எழுப்பினா ஏற எறங்க எடைஞ்சலாச்சே.”

“யாருக்கு சார்?”

எவரிடமும் பணிந்து பேசாத பெரியப்பா, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவ்வளவு பவ்யமாக அதைக் கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வந்தவர் சிரிக்காமல் ஜீப்பில் ஏறிப் போனார்.

அதன் பிறகு அவர்கள் வரவில்லை. நட்ட கல்லைக் கரும்புத் தோகை மூடியது. பணமில்லை என்றார்கள், வேறு இடம் பார்க்கிறார்கள் என்றார்கள். தன் தொண்டைதான் அதை விரட்டியது என்று சித்தப்பா இன்றும் சொல்கிறார். காரில் வந்தவர்களும் பெரியப்பாவை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கும்பாபிஷேகத்தன்று சித்தப்பா விடியற்காலையிலேயே கரும்பு வெட்டிவந்து கோயில் வாசலின் இரண்டு பக்கமும் கட்டினார். கலசத்தில் தண்ணீர் ஊற்றும்போது கருடன் வந்து வட்டமிடும் என்று ஊரே அண்ணாந்து காத்திருந்தது. கருடன் வரவில்லை. அன்றைய பிளைட்டு வந்தது. கைகூப்பி நின்ற கூட்டம் கைகூப்பியபடியே அதைப் பார்த்தது. நான் வழக்கம்போல டாட்டா காட்டி அம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

பிளைட்டு சத்தம் அடங்கியதும் சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரியப்பா அருகில் போய் நின்றார். நான் ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்றேன், என் வேலையைச் செய்ய. இருவருமே என்னைப் பார்க்கவில்லை.

“ஒசரம் கொஞ்சம் ஜாஸ்திதாண்ணே” என்றார் சித்தப்பா.

“கொல்லையிலேர்ந்து பாத்தா தெரியுதா?”

“தெரியுது. நல்லாவே தெரியுது.”

பெரியப்பா தன் துண்டால் தம்பியின் நெற்றியில் வழிந்த தீர்த்தத்தைத் துடைத்துவிட்டார். இருவரும் கோயில் விமானத்தின் அழகைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்து, நானும் அண்ணாந்து அதைப் பார்த்தேன்.