வாரிசுச் சான்றிதழில் ஷீபாவின் பெயர்

சபையாரே, போன ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நீங்கள் எனக்காக ஜெபம் பண்ணினீர்கள். "சகோதரர் ஞானமுத்துவின் வீட்டுப் பத்திரக் காரியத்தில் இருக்கும் தடைகள் நீங்க வேண்டும்" என்று நான் எழுதிக் கொடுத்த ஜெபக் குறிப்பை வெள்ளிக்கிழமைக் கூடுகையில் வாசித்தார்கள். நீங்களும் கண்ணை மூடி உருக்கமாகக் கேட்டீர்கள். அந்தத் தடை என் சொந்த மகள்தான் என்று உங்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. எழுந்து நின்று சொல்ல இன்றைக்கும் தைரியம் வரவில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் மிஷின் டர்னராக இருந்து ரிட்டையர் ஆனவன். கோபக்காரன். இதை என் வீட்டுக்காரி ரோஸ்லின் இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்வாள். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஷீபா, இளையவன் எட்வின். முத்தாபுதுப்பேட்டையில் நாங்கள் இருக்கும் வீடு ரோஸ்லின் பெயரில் இருக்கிறது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருஷம் சட்டைக்குக் காலர் தைத்து, சீட்டுக் கட்டி, அவள் வாங்கிய மனை அது.

ஆறு வருஷத்துக்கு முன்பு ஷீபாவுக்கு ஒரு வரன் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம் ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். முதல் ஞாயிறு முடிந்தது. இரண்டாம் ஞாயிறும் முடிந்தது. மூன்றாம் ஓலை வாசிப்பதற்குள் அவள் முருகேசன் என்ற டிரைவரோடு போய் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயாவிடம் போய் ஓலையை நிறுத்தச் சொன்னவன் நான். பாடகர் குழு முதல் பின் பெஞ்சு வரை எல்லாக் கண்ணும் என் முதுகில் இருந்தது போல இருந்தது. அன்றோடு அவளைத் தலைமுழுகிவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை எடுத்தேன். ரோஸ்லின் அழுதாள். நான் சட்டை பண்ணவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ரோஸ்லின் போய்விட்டாள். தெருவில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் கணவன், மகன் என்று இரண்டே பெயர்தான் போடச் சொன்னேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லாருக்கும் பின்னால் ஷீபா நின்றிருந்தாள். ஒரு பிடி மண் போட அவள் முன்னால் வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெற்ற தாய்க்கு மண் போட வந்தவளை அப்படிச் செய்தேன்.

இந்த வருஷத் தொடக்கத்தில் எனக்கு நெஞ்சு வலி வந்தது. இரண்டு அடைப்பு இருக்கிறது, ஈஸ்டர் முடிந்ததும் ஆபரேஷன் பண்ணியாக வேண்டும், அதுவரை படி ஏறாதீர்கள் என்றார் டாக்டர். பயந்துபோனேன். நான் கண்ணை மூடினால் ஷீபா வந்து வீட்டில் பங்கு கேட்பாளே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. உயிரோடு இருக்கும்போதே எட்வின் பெயருக்கு எழுதிவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன். அதற்கு முதலில் ரோஸ்லினுக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். இ-சேவை மையத்தில் போய் விண்ணப்பம் போட்டேன். வாரிசுகள் எத்தனை பேர் என்று அந்தப் பெண் கேட்டாள். இரண்டு பேர் என்றேன், கணவர், மகன். சொல்லிவிட்டு அதே வாரம் உங்கள் கூடுகைக்கு வந்து ஜெபக் குறிப்பும் கொடுத்தேன். என் துணிச்சலைப் பாருங்கள்.

பத்து நாள் கழித்துக் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரை விசாரித்துக் கையெழுத்து வாங்குவது வழக்கம். எதிர்வீட்டுக் கன்னியம்மாவை நானே கூப்பிட்டேன். ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறவள், முப்பது வருஷப் பழக்கம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளோ விண்ணப்பத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள்.

"இன்னா சார், ரெண்டு பேருதான் எழுதிகீது? ஒரு பொண்ணு கீதே சார், ஷீபான்னு. எம் மடியில வளந்த புள்ள சார் அது. முகப்பேர்ல கீது."

அலுவலர் என்னைப் பார்த்தார். "பெரியவரே, பொண்ணு இருக்காங்களா?"

"எனக்கு அவ செத்துட்டா சார்" என்றேன்.

"உங்களுக்குச் செத்திருக்கலாம். கவர்மெண்டுக்கு உயிரோடதான் இருக்காங்க. இறப்புச் சான்றிதழ் இருந்தா குடுங்க, இல்லன்னா அவங்க ஆதாரைச் சேத்துப் புதுசா விண்ணப்பம் போடுங்க. மறைச்சா கேஸ் ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் நான். கோபம் எல்லாம் கன்னியம்மா மேல் திரும்பியது. தெருவில் நின்று கத்தினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"கத்தாத அண்ணாத்தே, நெஞ்சு வலி வந்துரப் போவுது. நான் இன்னா பொய்யா சொன்னேன்? உசிரோட கீற புள்ளைய இல்லன்னு எழுதினா, நீ தெனம் கும்பிடுறியே உன் சாமி, அது ஒத்துக்குமா?"

அன்று ஜெபிக்க உட்கார்ந்தேன். "தடையை நீக்கும்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக ஜெபத்தில் எனக்குப் பேச்சு நின்றுபோனது. நான்கு நாள் அப்படியே போனது. பத்திரம் எழுதுகிறவரைப் போய்ப் பார்த்தேன். "இதுக்கு ஏன்யா கவலப்படறீங்க? பொண்ணு பேரைச் சேத்துச் சான்றிதழ் வாங்கிடுங்க. அப்புறம் பங்கு வேணாம்னு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கலாம். முக்காவாசி வீட்ல அப்படித்தான் நடக்குது" என்றார். சரியான வழி என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் அதற்கு அவள் முகத்தைப் பார்த்தாக வேண்டுமே. அன்று நான் பண்ணிய ஜெபம் சின்னது. "ஆண்டவரே, அவள் வீட்டுக்குப் போக எனக்கு மனசு இல்லை. போகிற மனசையாவது தாரும்." ஆறு வருஷத்தில் நான் உண்மையாகப் பண்ணிய ஜெபம் அது ஒன்றுதான்.

அடுத்த நாள் காலையில் எட்வின் ஷிப்டுக்குப் போனதும் கிளம்பினேன். ஆவடி வந்து பஸ் மாறி முகப்பேரில் இறங்கினேன். கிளம்பும்போது கன்னியம்மாவிடம் கேட்டுக்கொண்ட அடையாளத்தை வைத்து ஹவுசிங் போர்டு பிளாக்கைக் கண்டுபிடித்தேன். மூன்றாவது மாடி. லிப்ட் இல்லை. டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது, இருந்தும் ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு அடைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கீழேயிருந்து ஒருவன் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு ஏறி வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றான். நான் அவனை நேரில் பார்த்ததே இல்லை. அவனுக்கு என்னைத் தெரிந்திருந்தது. "மாமா" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஓடி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் ஒரு சொம்பு தண்ணீரையும் கொண்டு வந்தான். என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். அவனுக்குப் பின்னால் ஷீபா இறங்கி வந்தாள்.

இளைத்திருந்தாள். ரோஸ்லினின் நெற்றி, ரோஸ்லினின் மூக்கு. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, என் கை என்னைக் கேட்காமலே அவள் பக்கம் நீண்டது.

"அறிவு கீதாப்பா உனக்கு? படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிகீறாரில்ல?" என்றாள்.

"உனக்கு யார் சொன்னது?"

"எட்வின்தான். வாரா வாரம் போன் பண்ணினுதான் கீறான். நீ மாத்திரை போடுறியா இல்லியான்ற வரைக்கும் எனக்குத் தெரியும்."

தலை குனிந்தேன். யாருக்காக நான் அவளை வெட்டினேனோ அவன் அவளை விடவே இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, "உன் ஆதார் வேணும்" என்றேன். எனக்கு அவ்வளவுதான் வந்தது.

அவள் என் கையிலிருந்து சொம்பை வாங்கினாள். "எதுக்குப்பா? விடுதலை எழுதித் தரணுமா? தரேன். நீ ஆபரேஷனுக்கு நிம்மதியா போ. எங்க வந்து கையெழுத்துப் போடணும்னு சொல்லு, வரேன்."

சபையாரே, நான் அதற்குத்தான் போயிருந்தேன். அவளே தருகிறேன் என்கிறாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் என் காரியம் முடிந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "இல்லம்மா. வாரிசுல உன் பேர எழுதணும். எழுதாம விட்டுட்டேன்" என்றேன். இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. கர்த்தர் அந்தப் படிக்கட்டில் எனக்கு என்ன செய்தார் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். என் வாயை மாற்றினார்.

அவள் படியில் உட்கார்ந்து என் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். "அம்மா போஸ்டர்ல எம் பேரு இல்லப்பா. தெருத் தெருவா நின்னு பாத்தேன், எதுலயும் இல்ல" என்றாள். நானும் அழுதேன். மாடி ஏறிப் போகிறவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். மருமகன் முருகேசன்தான் ஒவ்வொருவரிடமும், "ஒண்ணுமில்லீங்க, எங்க மாமா வந்துகீறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

புதிய விண்ணப்பம் போட்டோம். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம் சான்றிதழ் கைக்கு வந்தது. கணவர், மகள், மகன் என்று மூன்று பெயர். எட்வினிடம் காட்டி, மன்னித்துக்கொள் என்றேன். "அக்காவுக்கு மாடி, எனக்குக் கீழ. இத நீ கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன், நீ எங்க கேட்ட?" என்று சிரித்தான். பங்கு வேண்டாம் என்று ஷீபா அப்போதும் பிடிவாதம் பிடித்தாள். உங்கம்மா காலர் தைத்து வாங்கினது, வேண்டாம் என்று அவளிடம் போய்ச் சொல் என்றேன். பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். எட்வின் ரத்தத்துக்காக அலைந்துகொண்டிருந்தான். நர்ஸ் ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து, குடும்பத்தில் ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். ஷீபா பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நான் போடலாமாப்பா?" என்றாள். ஒரு பிள்ளை தகப்பனிடம் அப்படிக் கேட்கும்படி வைத்திருந்தேன். "நீதாம்மா போடணும்" என்றேன். உறவுமுறை என்ற இடத்தில் மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த ஒரு சொல்லைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதேன். ஆபரேஷனுக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து நர்ஸ், "ஒண்ணும் ஆகாது தாத்தா" என்று கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. கர்த்தர் என்னை எழுப்பி உட்கார வைத்திருக்கிறார். போன மாதம் மூன்று பேரும் பதிவு அலுவலகம் போய் இரண்டு பிள்ளைகளுக்கும் எழுதி முடித்தோம். சாட்சிக் கையெழுத்துக்குக் கன்னியம்மாவைக் கூப்பிட்டேன். "இன்னா அண்ணாத்தே, இந்த வாட்டி எல்லாப் பேரும் கீதா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டாள்.

தடையை நீக்கும் என்று நீங்கள் கேட்டீர்கள். அவர் நீக்கிவிட்டார், அது என் நெஞ்சுக்குள் இருந்தது. எனக்காகக் கேட்ட ஒவ்வொருவருக்கும் நன்றி. உங்களில் யாராவது வீடு, மனை, நகை என்று பிள்ளைகளுக்கு எழுதி வைக்க உட்கார்ந்தால் இந்தக் கோபக்காரன் சொல்வதைக் கேளுங்கள். முதலில் ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் பிள்ளைகளின் பெயர்களை எழுதுங்கள். எந்தப் பெயருக்கு வரும்போது கை நிற்கிறதோ, அங்கே பேனாவைக் கீழே வைத்து முழங்கால் போடுங்கள். எழுந்ததும் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் புறப்படுங்கள். கர்த்தர் உங்களுக்கு முன்பே அங்கே போயிருப்பார்.