பின்சீட்டுக்காரி

ரியாத்தில், பத்தா கடைவீதிக்குப் பக்கத்தில், ஒரே அறையில் ஆறு பேரோடு நான்கு வருடம் இருந்தவன் நான். அதற்குப் பிறகுதான் துபாய் ஆபீசுக்கு மாற்றலும் குடும்ப விசாவும் கிடைத்தன. மனைவியும் மகளும் வந்து, ஷார்ஜா முவைலாவில் வீடு பிடித்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மேனேஜர் கூப்பிட்டார். மூன்று மாதத்துக்குள் லைசென்ஸ் எடுத்தால் சேல்ஸ் வேலை, காரும் உண்டு. எடுக்காவிட்டால் மறுபடி ரியாத், அதுவும் தனியாக.

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். பொங்கலுக்கு முதல் நாள் திருச்சி மார்க்கெட்டுக்குள் ஸ்கூட்டர் ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு ரோடா என்ற திமிர். வீட்டிலும் அப்படியே அளந்தேன். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தாமல், "முதல்ல பாஸ் பண்ணுங்க, அப்புறம் பேசுங்க" என்றாள்.

டிரைவிங் ஸ்கூலில் பெயர் பதிந்து ஃபைல் திறந்தேன். காரைத் தொடுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் இரண்டு பரீட்சை. முதலாவது கேள்வி பதில். பரீட்சை எழுதியே வளர்ந்த எனக்கு அது பெரிய விஷயமில்லை. மனைவி ஒரு கையில் தோசைக் கரண்டியும் மறு கையில் புத்தகமுமாகக் கேட்பாள்.

"ஜனங்க குறுக்க நடக்கிற கோடு வருது. ஒருத்தர் கால் வைக்கிறாரு. என்ன பண்ணுவீங்க?"

"ஹாரன் அடிப்பேன்."

தோசை தட்டுக்கு வராமல் கல்லிலேயே நின்றது. "வண்டியை நிறுத்துவேன்" என்று திருத்திய பிறகுதான் வந்தது. இப்படி ஒரு வாரம் தோசைக்குப் பதில் சொல்லி, முதல் பரீட்சையைத் தாண்டிவிட்டேன்.

இரண்டாவதில்தான் என் வண்டவாளம் வெளியே வந்தது. திரையில் நாமே ஓட்டுவதுபோல ஒரு சாலை ஓடும். எங்கேயோ ஓர் ஆபத்து உருவாகத் தொடங்கும்போதே மவுஸைத் தட்ட வேண்டும். சீக்கிரம் தட்டினால் நிறைய மார்க். கண்டபடி தட்டினால் சைபர்.

முதல் பயிற்சியில் நான் தட்டவே இல்லை. ஓர் ஆள் நடைபாதையிலிருந்து இறங்கினார். இறங்கட்டும், வளைத்துப் போய்விடலாம். சந்திலிருந்து லாரி மூக்கை நீட்டியது. நம் ஊரில் மூக்கை நீட்டாத லாரி எங்கே இருக்கிறது? எனக்கு எல்லாமே வழக்கம்போலத்தான் தெரிந்தது. வகுப்பைப் பார்த்துக்கொண்ட பாகிஸ்தானி மாஸ்டர் குனிந்து, "பாய், சோ கயா க்யா?" என்றார். நான் தூங்கவில்லை. கண்ணை அகல விழித்துக்கொண்டுதான் சைபர் வாங்கினேன்.

ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வீடியோவில் ஆள் தெரிந்தால் ஒரு தட்டு, வண்டி தெரிந்தால் இரண்டு தட்டு. மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாய், யே ஹாரன் நஹி ஹே!" இது ஹாரன் இல்லையாம். மொத்த வகுப்பும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் நிஜப் பரீட்சையிலும் அதே கையால் அதே மவுஸைத் தட்டிவிட்டு ஃபெயிலாகி வெளியே வந்தபோது சிரிப்பு வரவில்லை. அடுத்த தேதி பன்னிரண்டு நாள் கழித்து. அதிலும் விழுந்தால், காரோட்டும் டெஸ்டுகளுக்குக் கெடு போதாது. பத்தாவின் அந்த இரும்புக் கட்டிலும், தலைக்கு மேலே தொங்கிய யாரோ ஒருவரின் ஈரத் துண்டும் ஞாபகத்துக்கு வந்தன. பயந்துபோனேன்.

விஷயத்தைச் சொன்னதும் மனைவி திட்டவில்லை. பால்கனியில் நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தாள். இரண்டாவது மாடி. கீழே வெள்ளிக்கிழமைச் சாயங்காலத்துத் தெரு. கேஸ் சிலிண்டர் பிக்கப், கிரிக்கெட், ஹாரன் அடிக்கிற கார்களுக்கெல்லாம் ஓடி ஓடி டீ கொடுக்கிற கஃபட்டேரியாக்காரர்.

"அந்த வெள்ளைக் காரைப் பாருங்க. கதவைத் திறக்கப் போறாரு" என்றாள். கதவு திறந்தது. "பிக்கப் ரிவர்ஸ்ல வரப் போகுது." வந்தது.

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள். "உனக்கு எப்படித் தெரியுது?" என்றேன்.

"ஆறு வருஷம் உங்க ஸ்கூட்டர்ல பின்னால உட்கார்ந்து வந்திருக்கேன். எனக்கு பிரேக் கிடையாது, ஹாரன் கிடையாது. பார்த்துக்கிட்டே வர்றதைத் தவிர வேற என்ன வேலை?"

அப்போதுதான் உறைத்தது. ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் நான் பிரேக் பிடிப்பதற்கு முன்பே, என் தோளில் இருக்கும் அவள் கை இறுகும். பயந்தாங்கொள்ளி என்று சொந்தக்காரர்கள் முன்னால் கேலி செய்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அந்தக் கை காரணமில்லாமல் இறுகியதே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் முதல் அதுதான் பாடம். அவள் பின்னால் நின்று என் தோளில் கை வைத்துக்கொள்வாள். தெருவைப் பார்த்து அவள் அழுத்தினால் நான் நாற்காலிக் கையில் தட்ட வேண்டும். தினமும் தன் கடையையே உற்றுப் பார்க்கிற இரண்டு பேரைக் கண்டு கஃபட்டேரியாக்காரருக்கு என்ன தோன்றியதோ, மூன்றாம் நாள் தாமாகவே இரண்டு சுலைமானியோடு மேலே வந்துவிட்டார். அதிலிருந்து டீயும் பாடத்தில் சேர்ந்தது. ஒரு வாரத்தில் அவள் அழுத்துவதும் நான் தட்டுவதும் ஒரே நேரத்தில் நடந்தன. பதினோராம் நாள் நான் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சை அறையில் மவுஸைப் பிடித்துக்கொண்டு தோளைத்தான் கவனித்தேன். நிறுத்தியிருந்த வேனுக்கு அடியில் ஒரு பந்து தெரிந்தது. தோள் இறுகியது. தட்டினேன். வெளியே வந்து போன் செய்து, "உன் கை பாஸ் பண்ணிடுச்சு" என்றேன். அவள் போட்ட கூச்சலில் எனக்குக் காது அடைத்தது.

பிறகு ரோடு டெஸ்டில் ஒரு முறை விழுந்து, கெடுவுக்கு நான்கு நாள் முன்னால் லைசென்ஸ் கையில் வந்தது. மேனேஜர் "ரியாத் கலாஸ், முடிஞ்சுது" என்று கார் சாவியைக் கொடுத்தார். அன்றைக்கு மூன்று பேரும் காரணமே இல்லாமல் ஊரைச் சுற்றினோம். பக்கத்தில் இருந்தவள் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"என்ன, தோளுக்குக் கை வரலையே?"

"இனிமே எதுக்கு? திங்கக்கிழமை லீவு போடுங்க. எனக்கும் ஒரு ஃபைல் திறக்கணும். பின்னால உட்கார்ந்து பார்த்தது போதும்."

வீடியோப் பரீட்சையில் அவள் முதல் தடவையே பாஸ். என்னைவிட அதிக மார்க் என்பதை அடிக்கடி ஞாபகப்படுத்துவாள். லைசென்ஸ் வாங்கிய பிறகு முதன்முதலாக அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ரவுண்டபவுட்டில் ஒரு பிக்கப் மூக்கை நீட்டியது. என் கை தானாகவே அவள் தோளைப் பிடித்தது. அதற்குள் கார் நின்றுவிட்டிருந்தது.

"கையை எடுங்க" என்றாள். "நான் அப்பவே பார்த்துட்டேன்."